ரத்தத்தின்மேல் போட்ட பழி

தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து மேலேறும் பழைய சாலையில் கேமரன் மலைக்குள் நுழைகிறவர்களுக்கு முதலில் எதிர்ப்படும் ஊர் ரிங்லெட். வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் 1885-லேயே இந்த மலைத்தொடரில் சுற்றியிருந்தாலும், சாலை வந்து சேர நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1929-ல் ஜான் ஆர்ச்சிபால்ட் ரஸ்ஸல் ரிங்லெட்டை அடுத்த ஹபுப் பகுதியில் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1931-ல் சாலை தானா ராத்தா வரை எட்டியதும் குடியேற்றம் வேகம் பிடித்தது. தேயிலைச் சரிவுகளில் தமிழர்களின் லயங்கள், பெர்த்தாம் பள்ளத்தாக்கில் சீனர்களின் காய்கறிப் பாத்திகள், மலாய்க்காரர்களின் வீடுகள், இவர்கள் அத்தனை பேருக்கும் முன்பிருந்தே காட்டை ஆண்டுவந்த செமாய் மக்களின் குடியிருப்புகள் எல்லாம் ஒரே மலையில் அமைந்தன. ஒரே மழை, ஒரே குளிர், ஒரே கடைத்தெரு. உலையில் விழும் அரிசி மட்டும் வீட்டுக்கு வீடு வேறு. இப்படிப் பல இனத்தவர் பக்கத்துப் பக்கத்தில் வாழும் ஊரில் ஒரு நோய் சிலரை மட்டும் தேடிப் பிடித்தால், “அது அவங்க ரத்தத்திலேயே இருக்கு” என்ற பேச்சு தானாக எழும். ரிங்லெட்டில் மட்டுமல்ல, மலாயா முழுவதும் எழுந்தது. படிப்பறியாதவர்கள் மட்டும் அப்படிப் பேசவில்லை. பட்டம் பெற்ற வெள்ளைக்கார மருத்துவர்களும் பேசினார்கள். அந்தப் பேச்சை மலாயா மண்ணிலேயே சோதித்துப் பார்த்த ஒரு வரலாறு உண்டு. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் எனப்படும் தண்டுவட மரப்பு நோய்க்குப் பரம்பரையும் ரத்தக்குழாய்க் கோளாறும்தான் காரணம் என்று இன்று சொல்லப்படுவதை எடைபோட அந்த வரலாற்றைவிட நல்ல தராசு நமக்குக் கிடைக்காது.

அன்றைய நோயும் நரம்பைத் தாக்கிய நோய்தான். பெயர் பெரிபெரி. முதலில் பாதம் மதமதவென்று மரத்துப்போகும். கெண்டைக்காலை அழுத்தினால் வலிக்கும். பிறகு நடை தளரும். பாதம் தூக்க வராமல் இழுத்து இழுத்து நடக்க வேண்டிவரும். சிலருக்குக் கால் வீங்கி, நெஞ்சு படபடத்து, இதயம் நின்றுபோகும். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பேராக், சிலாங்கூர் ஈயச் சுரங்கங்களில் வேலைசெய்த சீனத் தொழிலாளர்களை இந்த நோய் வாரிக்கொண்டு போனது. சிறைச்சாலைகளிலும் மனநோய் விடுதிகளிலும் ஆண்டுதோறும் பிணம் விழுந்தது. அதே காலத்தில், அதே வட்டாரங்களில் ரயில்பாதை போட்ட, சாலை வெட்டிய, ரப்பர்த் தோட்டங்களில் வேலைசெய்த தமிழர்களிடம் பெரிபெரி அரிது. கம்பத்து மலாய்க்காரர்களிடமும் அரிது. இதைப் பார்த்தவர்கள் இரண்டு விளக்கங்களில் ஒன்றைப் பிடித்துக்கொண்டார்கள். நோய் ஏதோ ஒரு தொற்று, அது மண்ணிலும் கட்டடத்திலும் ஒட்டியிருக்கிறது என்றார்கள் சிலர். சீனரின் உடல் இந்நோய்க்கு இடங்கொடுப்பது, தமிழரின் உடல் இடங்கொடுக்காதது என்றார்கள் வேறு சிலர். பெருமையாகத் தோன்றினாலும் தமிழருக்கு அந்த இரண்டாவது விளக்கம் நன்மை செய்யவில்லை. காய்ச்சலால் தோட்டம் தோட்டமாகத் தமிழர்கள் செத்தபோது “தமிழ்க் கூலியின் உடல் பலவீனமானது” என்று சொல்ல உதவியதும் இதே கண்ணோட்டம்தான். 1901-ல் கிள்ளானுக்கு வந்த மருத்துவர் மால்கம் வாட்சன் சதுப்பை வடித்து, கொசு முட்டையிடும் நீரை ஒழித்துக்காட்டியபோது அந்தப் பலவீனத்தில் பெரும்பங்கு தண்ணீரோடு வடிந்துபோனது.

பெரிபெரி முடிச்சை அவிழ்க்கும் நுனியைக் கண்டுபிடித்தவர் நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராக இருந்த லெனார்ட் பிராடன். 1907-ல் வெளிவந்த தம் நூலில் அவர் இனத்தை விட்டுவிட்டு உலையை எட்டிப் பார்த்தார். சீனர்கள் சாப்பிட்டது சயாமிலிருந்து வந்த, இயந்திரத்தில் தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. மலாய்க்காரர்கள் தங்கள் நெல்லை வீட்டிலேயே அவ்வப்போது குற்றிச் சாப்பிட்டார்கள். தமிழர்களுக்கு வந்தது புழுங்கலரிசி. நெல்லை உமியோடு ஊறவைத்து, அவித்து, களத்தில் காயவைத்து, அதன் பிறகே உமி நீக்குவது தஞ்சாவூரிலும் திருச்சிராப்பள்ளியிலும் தலைமுறை தலைமுறையாக நடந்துவந்த வேலை. அவிக்கும்போது தவிட்டிலும் முளையிலும் இருக்கும் சத்தில் ஒரு பங்கு தண்ணீரோடு சேர்ந்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு எவ்வளவு தீட்டினாலும் அது முழுக்கப் போவதில்லை. அந்தச் சத்துக்குத் தயமின் என்று பெயர் வைக்கப்பட்டது பல ஆண்டுகள் கழித்து. நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்த ஒரு குடியானவப் பெண்ணுக்கு அதன் பெயர் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பச்சரிசிச் சோறு வயிற்றில் நிற்காது, புழுங்கலரிசிதான் வேலைசெய்கிறவனுக்குத் தாங்கும் என்ற பழக்கம் போதுமானதாக இருந்தது. தமிழரின் ரத்தத்தில் இருப்பதாகச் சொல்லப்பட்ட காவல் உண்மையில் அவர்களுடைய நெல் அவிக்கும் பானையில் இருந்தது.

பிராடன் கவனித்துச் சொன்னதை வில்லியம் ஃபிளெட்சர் சோதித்துக் காட்டினார். கோலாலம்பூர் மனநோய் விடுதி, 1905 டிசம்பர். நான்கு பக்கமும் உயர்ந்த மதில், நடுவில் முற்றம், முற்றத்தின் இரு பக்கமும் ஒன்றைப்போலவே கட்டிய இரண்டு கூடங்கள். உள்ளே இருந்தவர்களை வரிசையில் நிறுத்தி இடது பக்கத்திலிருந்து ஒன்று, இரண்டு என்று எண்ணச் செய்தார். ஒற்றைப்படை எண்காரர்கள் கிழக்குக் கூடத்துக்கு. அவர்களுக்குப் பழையபடி சயாம் பச்சரிசி. இரட்டைப்படை எண்காரர்கள் மேற்குக் கூடத்துக்கு. அவர்களுக்கு இந்தியப் புழுங்கலரிசி. மற்றச் சாப்பாடு இரு தரப்புக்கும் ஒன்றுதான். பெயரோ சாதியோ இனமோ எதுவும் யாருக்கு எந்த அரிசி என்பதைத் தீர்மானிக்கவில்லை. நோய் கட்டடத்தில் ஒட்டியிருக்கிறது என்று சொல்பவர்களும் இருந்ததால், ஆண்டின் நடுவில் இரு கூடத்தாரையும் இடம் மாற்றினார். அரிசியை மாற்றவில்லை. ஓராண்டு முடிவில் பச்சரிசி சாப்பிட்ட 120 பேரில் 18 பேர் பெரிபெரியால் இறந்திருந்தார்கள். புழுங்கலரிசி சாப்பிட்ட 123 பேரில் ஒருவரும் இறக்கவில்லை; அங்கே காணப்பட்ட இரண்டே நோயாளிகளும் நோயோடு விடுதிக்கு வந்தவர்கள். அந்தப் பதினெட்டுப் பேரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை என்பதையும் சேர்த்தே இந்தச் சோதனையைச் சொல்ல வேண்டும். தங்களுக்கு என்ன நடக்கிறது என்று சொல்லக்கூட முடியாத நிலையில் இருந்தவர்கள் அவர்கள். நமக்குக் கிடைத்த அறிவுக்கு அவர்கள் கொடுத்த விலை உயிர்.

அடுத்து ஹென்றி ஃபிரேசரும் ஏ. டி. ஸ்டாண்டனும் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்திலிருந்து கிளம்பி, நெகிரி செம்பிலான் காட்டில் சாலை வெட்டிய சுமார் 300 ஜாவானியத் தொழிலாளர்களிடம் இதே சோதனையைத் திரும்பச் செய்தார்கள். முன்பு மனிதர் குடியிராத புதுக்காட்டைத் தேர்ந்தெடுத்ததால் மண்ணில் ஒட்டிய தொற்று என்ற வாதத்துக்கு இடமில்லாமல் போயிற்று. எல்லோரும் ஜாவானியர் என்பதால் இனத்தைக் காரணமாகக் காட்டவும் வழியில்லை. பச்சரிசிக் குழுவில் பெரிபெரி வந்தது. புழுங்கலரிசிக் குழுவில் வரவில்லை. 1909-ல் அறிக்கை வெளியானது. இதில் மறக்கக்கூடாத ஒன்று உண்டு. பிராடன் சொன்ன காரணம் தவறு. கெட்டுப்போன அரிசியில் ஏதோ நஞ்சு உண்டாகிறது என்றே அவர் நம்பினார். நஞ்சு சேர்வதால் அல்ல, சத்து குறைவதால் நோய் என்பதை நிலைநாட்டியவர்கள் ஃபிரேசரும் ஸ்டாண்டனும், அவர்களுக்கு முன்பே ஜாவாவில் கோழிகளை வைத்து ஆராய்ந்தவர்களும். பார்வை சரியாக இருந்தும் விளக்கம் பிழையாகலாம். பின்னால் சிரைகளைப் பற்றிப் பேசும்போது இது மறுபடியும் வரும்.

ரிங்லெட்டில் தேயிலை நடப்பட்டபோது இந்த விவாதம் முடிந்து இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆனால் தமிழர்களுக்கு அதன் கடைசிப் பாடம் இன்னும் பாக்கியிருந்தது. 1941 டிசம்பரில் ஜப்பானியர் மலாயாவில் இறங்கினார்கள். கப்பல் நின்றது; அரிசி நின்றது; மரவள்ளிக்கிழங்கு உணவாயிற்று. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் சயாம் - பர்மா ரயில்பாதை போட இழுத்துச் செல்லப்பட்டார்கள். அங்கே காலராவும் மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் கொன்றதோடு, நல்ல அரிசியும் பருப்பும் காயும் இல்லாத உடல்களைப் பெரிபெரியும் பிடித்தது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் “இந்நோய்க்கு இடங்கொடாதவர்கள்” என்று எழுதப்பட்ட அதே மக்கள், அதே ரத்தம். மாறியது தட்டில் விழுந்தது மட்டும்.

இனி நம் காலத்து நோய். மூளை, தண்டுவடம், பார்வை நரம்பு ஆகியவற்றில் நரம்பிழைகளைச் சுற்றி மயலின் என்ற கொழுப்புறை இருக்கிறது. உடலின் எதிர்ப்பாற்றலே தவறாக அந்த உறையைத் தாக்கும்போது ஆங்காங்கே தழும்பு விழுகிறது. இதுதான் தண்டுவட மரப்பு நோய். பாரிஸில் ஷார்க்கோ 1868-ல் இதைத் தனி நோயாக வரையறுத்தார். நிலநடுக்கோட்டிலிருந்து விலகிப்போகப் போக இது கூடுகிறது. பிரிட்டனில் லட்சத்துக்கு இருநூறு பேரை நெருங்குகிறது. மலேசியாவில் லட்சத்துக்கு இரண்டு மூன்று பேர் என்ற அளவில்தான் கணக்கிடப்பட்டிருக்கிறது. ரிங்லெட்டின் குளிரைப் பார்த்து யாரும் குழம்ப வேண்டாம். ஆயிரம் மீட்டருக்கு மேலே போர்வை தேவைப்பட்டாலும் வெயிலின் சாய்வு நிலநடுக்கோட்டுக்கு உரியதே. இந்த இருநூறுக்கும் மூன்றுக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்ததும் பழைய வழக்கம் திரும்பி வருகிறது: இது வெள்ளைக்காரர் நோய், நம் ரத்தத்தில் கிடையாது.

அந்த எண்ணத்துக்கு ஃபிளெட்சரின் முற்றம்போல ஒரு சோதனை தானாகவே அமைந்தது. இந்தியாவிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் பிரிட்டனுக்குக் குடிபெயர்ந்தவர்களிடம் இந்நோய் குறைவாகவே இருந்தது. அவர்களுக்கு அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளை எலியன், நைட்டிங்கேல், டீன் மூவரும் ஆராய்ந்து 1990-ல் எழுதினார்கள். பிள்ளைகளிடம் நோயின் அளவு மற்ற பிரிட்டன்காரர்களின் அளவை நெருங்கியிருந்தது. பெற்றோரின் ரத்தம் பிள்ளைகளிடம் மாறிவிடவில்லை. மாறியவை பிறந்த ஊரும், வெயிலும், குழந்தைப் பருவத்தில் வந்துபோகும் தொற்றுகளும். இந்தத் தொற்றுகளில் ஒன்றை இன்று பெயர் சொல்லிக் குறிப்பிட முடியும். அமெரிக்கப் படையில் சேர்ந்த ஒரு கோடிக்கும் அதிகமானவர்களின் சேமித்த ரத்தத்தை வைத்து 2022-ல் வெளியான ஆய்வு, எப்ஸ்டீன்-பார் வைரஸ் தொற்றிய பிறகு இந்நோய்க்கான வாய்ப்பு 32 மடங்கு கூடுவதாகக் காட்டியது. நம் நாடுகளில் பெரும்பாலும் எல்லோருக்கும் அந்த வைரஸ் சின்ன வயதிலேயே சத்தமில்லாமல் தொற்றிவிடுகிறது. பதின்ம வயதில் தாமதமாகத் தொற்றி, சுரப்பி வீங்கிக் காய்ச்சலாக வெளிப்படும்போது ஆபத்து மேலும் கூடுகிறது. ஆக, வைரஸ் ஒன்றாக இருந்தாலும் அது எந்த வயதில் எந்தச் சூழலில் வருகிறது என்பது முக்கியமாகிறது.

மரபணுவுக்குப் பங்கே இல்லையா என்று கேட்பவர்களுக்கு நேர்மையான பதில்: உண்டு, நிச்சயமாக உண்டு. எதிர்ப்பாற்றலை நடத்தும் மரபணுக்களோடு இந்நோய்க்குத் தொடர்பிருப்பது 1972 முதல் தெரியும். அவற்றில் டிஆர்பி1*15:01 என்ற வடிவத்தை உடையவருக்கு ஆபத்து சுமார் மூன்று மடங்கு. 2019-ல் வந்த பெரிய பன்னாட்டு ஆய்வு இருநூறுக்கும் மேற்பட்ட மரபணு இடங்களைச் சுட்டியது. மும்பைப் பார்சிகளின் எடுத்துக்காட்டு இன்னும் வலுவானது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இந்திய மண்ணிலேயே வாழ்ந்தும், தங்களுக்குள்ளேயே மணந்துவந்த அவர்களிடம் இந்நோய் மற்ற இந்தியரைவிடப் பல மடங்கு அதிகம். இதை மறுப்பது அறியாமை. ஆனால் அந்தப் பார்சிகளிடமும் எண்ணிக்கை பிரிட்டனின் அளவைவிட மிகக் குறைவு. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு நோய் இருந்தால் மற்றவருக்கும் வருவது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான் என்று கனடாவில் 1986-ல் கண்டார்கள். எழுத்துக்கு எழுத்து ஒரே மரபணு இருந்தும் நான்கில் மூன்று பேருக்கு வரவில்லை. மரபணு கதவின் தாழ்ப்பாளைத் தளர்த்துகிறது, உள்ளே வருவதற்கு வேறொன்று வேண்டும். இந்த அளவுக்குத்தான் பரம்பரையின் பங்கைச் சொல்லச் சான்று இடமளிக்கிறது; அதற்கு மேல் சொல்வது பழக்கதோஷம்.

அந்தப் பழக்கதோஷத்தால் ஆசியர்களுக்கு நேர்ந்த தீங்கும் சிறிதல்ல. பார்வை நரம்பையும் தண்டுவடத்தையும் மட்டும் கடுமையாகத் தாக்கும் ஒரு வகை ஆசியாவில் அதிகம் தென்பட்டது. அதற்கு ‘ஆசிய வகை மரப்பு நோய்’ என்று பெயரிட்டு, இனத்தின் இயல்பு என்று பல ஆண்டுகள் விட்டுவைத்தார்கள். 2004-ல் அக்வாபோரின்-4 என்ற புரதத்தைத் தாக்கும் எதிர்ப்பொருள் கண்டறியப்பட்டபோது, அந்த நோயாளிகளில் பலருக்கு இருந்தது நியூரோமயலைட்டிஸ் ஆப்டிகா என்ற வேறு நோய் என்பது உறுதியானது. மரப்பு நோய்க்குத் தரும் இன்டர்ஃபெரான் போன்ற மருந்துகள் இந்த நோயை மோசமாக்கக்கூடியவை. இனப்பெயர் ஒட்டியதால் தனி நோய் ஒன்று கண்ணுக்குத் தெரியாமலே கிடந்தது. தவறான மருந்தும் போனது. பினாங்கில் நடந்த கணக்கெடுப்பில் இந்த நோய் மலாய்க்காரர்களைவிடச் சீனர்களிடம் அதிகமாகக் காணப்பட்டது. அதற்குப் பின்னால் மரபணு இருக்கலாம், வேறொன்றும் இருக்கலாம். பெரிபெரியைப் பார்த்த மண்ணில் நின்றுகொண்டு ஆராயாமல் முடிவு சொல்வது மட்டும் தகாது.

ரத்தக்குழாய்க் கதை இதைவிடச் சோகமானது. 1863-லேயே ஜெர்மன் மருத்துவர் ரிண்ட்ஃபிளைஷ் மூளையில் விழுந்த தழும்புகளின் நடுவில் ஒரு ரத்தக்குழாய் ஓடுவதைக் கண்டு எழுதினார். 1930-களில் அமெரிக்காவின் ட்ரேசி புட்னம் சிரைகள் அடைபடுவதுதான் காரணமோ என்று நாய்களில் சோதித்தார். 2009-ல் இத்தாலியின் ஃபெராராவைச் சேர்ந்த பாவ்லோ சம்போனி, மூளையிலிருந்து ரத்தத்தை இறக்கும் கழுத்துச் சிரைகளும் மார்புச் சிரையும் குறுகியிருப்பதே நோயின் வேர் என்றார். தாம் பார்த்த நோயாளிகள் அத்தனை பேரிடமும் அது இருந்தது, நோயற்றவர்களிடம் அறவே இல்லை என்பது அவருடைய கணக்கு. பலூன் வைத்துச் சிரையை விரித்தால் விடுதலை என்ற செய்தி பரவியதும் கனடாவிலிருந்து நோயாளிகள் போலந்துக்கும் கோஸ்டாரிகாவுக்கும் இந்தியாவின் சில தனியார் மருத்துவமனைகளுக்கும் கையிருப்பைக் கரைத்துக்கொண்டு பறந்தார்கள். கால் விளங்காமல் போகும் ஒருவர் கடைசி நம்பிக்கையைத் தேடிப் போவதைக் குறைசொல்ல யாருக்கும் உரிமையில்லை. சான்று வருவதற்கு முன்பே விலை குறித்து விற்றவர்களைத்தான் கேட்க வேண்டும். சான்று வந்தது. 2013-ல் கனடிய ஆய்வாளர் டிராபுல்சி குழு சிரைகளை நோயாளிகளிடமும் அவர்களுடைய உடன்பிறப்புகளிடமும் தொடர்பே இல்லாத நலமானவர்களிடமும் அளந்தது. பாதிக்கு மேல் குறுகிய சிரை முறையே 74, 66, 70 விழுக்காட்டினரிடம் இருந்தது. அதாவது அது மனித உடலின் சாதாரண வேறுபாடு. பிறகு 104 நோயாளிகளிடம் ஒரு பாதிக்கு மெய்யான பலூனும் மறுபாதிக்கு வெறும் பாவனைச் சிகிச்சையும் தந்தார்கள். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, பரிசோதித்தவருக்கும் தெரியாது. 2017-ல் முடிவு வந்தது: வேறுபாடு இல்லை. அதே ஆண்டு சம்போனியே நடத்திய சோதனையும் பயனில்லை என்றே முடிந்தது. தம் கருத்துக்கு எதிரான அந்த முடிவை அவர் வெளியிட்டதை மதித்தே சொல்ல வேண்டும்.

ஆனாலும் சிரையை முழுக்கத் தள்ளிவிட முடியாது. ரிண்ட்ஃபிளைஷ் கண்ணால் கண்டது மெய். தழும்பின் நடுவே ஓடும் அந்தச் சிறு சிரையை இன்றைய எம்ஆர்ஐ படத்தில் காண முடிகிறது. நோயை உறுதிசெய்ய அது ஓர் அடையாளமாகவும் பயன்படுகிறது. எதிர்ப்பணுக்கள் ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையும் பாதை அது. அரிசியைச் சரியாகப் பார்த்த பிராடன் நஞ்சு என்று பிழையாக விளக்கியதைப் போலத்தான் இங்கும் நடந்தது. குழாய் அங்கே இருப்பது உண்மை, அடைப்பு என்பது பிழை.

பெரிபெரிக்கு ஒரே காரணம், ஒரே மருந்து. தண்டுவட மரப்பு நோய்க்கோ வைரஸ், மரபணு, வெயில் குறைவு, புகைப்பழக்கம் எனப் பல கூடிவருகின்றன, இரண்டையும் எப்படி ஒப்பிடலாம் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. இந்நோய்க்கும் ஒரு புழுங்கலரிசி எங்கோ ஒளிந்திருக்கிறது என்பது என் வாதம் அல்ல. ஒரு சமூகத்துக்கு நோய் கூடுவதையோ குறைவதையோ பார்த்த உடனே காரணத்தை உடம்புக்குள் தேடும் அவசரத்தைத்தான் நான் மறுக்கிறேன். ரத்தத்தையும் ஊரையும் பிரித்து நிறுத்தி, ஒன்றை மாற்றி மற்றொன்றை மாற்றாமல் வைத்துப் பார்க்கும்வரை யாருக்கும் தீர்ப்புச் சொல்ல அதிகாரம் இல்லை. மலாயா இதை 1905-லிருந்து 1909-க்குள் உலகத்துக்கே செய்துகாட்டியது. அதற்குத் தமிழரின் சோற்றுப்பானை துணையாக நின்றது.

ஆகவே ரிங்லெட்டிலும் ஹபுவிலும் தோட்டத்து லயங்களிலும் வாழ்கிறவர்களுக்கும், அவர்களைப் பார்க்கும் மருத்துவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஓர் இளம்பெண்ணுக்கு ஒரு கண்ணில் வலியோடு பார்வை சில நாட்களில் மங்கினாலோ, இடுப்புக்குக் கீழே மரத்துப்போய் நாட்கணக்கில் நீடித்தாலோ, காரணமில்லாத விக்கலும் வாந்தியும் நிற்காமல் தொடர்ந்தாலோ, “நம்ம ஆளுங்களுக்கு அதெல்லாம் வராது” என்று விட்டுவிடாதீர்கள். அரிதான நோய் என்றால் வராத நோய் என்று பொருளில்லை. தானா ராத்தா மருத்துவமனைக்குப் போய், அங்கிருந்து ஈப்போவில் நரம்பியல் மருத்துவரைப் பார்க்கக் கடிதம் கேளுங்கள். எம்ஆர்ஐ படமும் அக்வாபோரின்-4 ரத்தப் பரிசோதனையும் வேண்டுமா என்று கேளுங்கள். இரண்டு நோய்களுக்கும் இன்று மருந்து இருக்கிறது. எது என்று தெரிந்தால்தான் சரியான மருந்தைத் தர முடியும்.